பிரித்து விட்ட தையல்

“இடது பக்கம் ஒண்ணுமே நிக்கல அத்தான், தொளதொளன்னு கிடக்கு. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க,” என்று ரவிக்கையை நீட்டினாள் கொழுந்தியாள்.

டெய்லருக்கு முதலில் விளங்கவில்லை. பெண்டாட்டி விடிகாலையில் போய்ச் சேர்ந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை, வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இவள் ஆல்ட்ரேஷன் வேலை கொண்டுவந்து நிற்கிறாளே என்றுதான் நினைத்தார். அப்புறம்தான் துணி கண்ணில் பட்டது. அரக்கு நிறம், முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கை, கழுத்தைச் சுற்றி மெல்லிய பைப்பிங். அவர் தைத்ததுதான். உள்ளே கட்டிலில் கிடப்பவளுக்குப் போட்டுப் பார்த்து, சேராமல் கழற்றி எடுத்து வந்திருக்கிறாள்.

“ஊக்குப் போட்டுக்கலாமேம்மா,” என்றார்.

“நல்லாச் சொன்னீங்க. டெய்லர் பொண்டாட்டி ஊக்குக் குத்திக்கிட்டு வெளிய போனா தெருவே சிரிக்கும்னு சொல்ற ஆளு அவ. கடைசியா வெளிய போறப்ப ஊக்குக் குத்தியா அனுப்பச் சொல்றீங்க?” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வாய் கோணிக்கொண்டது. முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மிஷின், சுவரை ஒட்டித் துணி வெட்டும் மேஜை, மூலையில் ஒரு பச்சைத் திரை. தெருவில் எல்லோருக்கும் அவர் டெய்லர்தான். கட்டியவளே “எங்க டெய்லருக்குப் பசிக்கலையாமா?” என்றுதான் கூப்பிடுவாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரவிக்கையை உள்பக்கம் திருப்பினார். கைக்கு வேலை கிடைத்ததில் ஒரு நிம்மதி வந்தது. இந்த நேரத்தில் நிம்மதி வருகிறதே, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பெண்களுக்கு மட்டும் தைக்கிறவர் அவர். முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் ஒரு பெண்ணையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த நல்ல பெயரில்தான் கடையே ஓடியது. அளவெடுப்பதெல்லாம் மனைவி. பச்சைத் திரைக்குப் பின்னால் டேப்போடு அவள் நிற்பாள். இந்தப் பக்கம் இவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். “மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பது. கை ஒன்பது. எழுதியாச்சா?” “ம்.” “என்ன ம்? எழுதினத திருப்பிச் சொல்லுங்க.” இவர் திருப்பிச் சொல்வார். திரைக்குள் இரண்டு பெண்களும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவர் கேட்டதே கிடையாது.

ஏழு மாதமாகத் திரைக்குப் பின்னால் ஆளில்லை. ஆனால் காதுக்கு அது எங்கே தெரிகிறது? படுக்கையறையில் அவள் முனகும்போதெல்லாம் குரல் திரைப் பக்கமிருந்து வருவதாகவே அவருக்கு இருக்கும். இன்று காலையும் அப்படித்தான். மூச்சு நின்று, டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போன பிறகும், மூலையில் யாரோ டேப்பை உதறுகிற சத்தம் கேட்டது. போய்த் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். ஆணியில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

இடது பக்கத் தையலைப் பிளேடு நுனியால் பிரித்தார். நூலை இழுத்தார். பிரிந்த துணியை விரலால் நீவி வெளிச்சத்தில் பிடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

பிரித்த தையல் போன இடத்தில் ஊசித்துளை நிற்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. இந்தத் துணியில் இடது பக்கம் மட்டும் பழைய துளைகள் மூன்று வரிசை இருந்தன. ஒன்றுக்கொன்று கால் இஞ்ச் தள்ளி. வலது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே தைத்த நாளில் போட்ட தையல் அப்படியே இருந்தது.

முதல் வரிசை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தார். “என்னங்க, இந்த இடது பக்கம் கொஞ்சம் பிடிக்குது, கால் இஞ்ச் விடுங்களேன்,” என்றாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் டேப் வைத்து வெட்டுகிறவர், இவளுக்கு மட்டும் டேப்பே தொடமாட்டார். கல்யாணமான வருஷம் வெட்டிய பழைய பேப்பர் அளவை வைத்துக்கொண்டு, “உன் அளவு எனக்கு மனப்பாடம்டி,” என்று பெருமை பேசுகிறவர். அவர் கட்டிங்கில் குறையா? “துணி சுருங்கியிருக்கும். சோப்பைக் கொட்டித் துவைக்காதேன்னா கேக்குறியா?” என்று சொல்லிக்கொண்டேதான் பிரித்து விட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். மறுபடியும் கொண்டுவந்தாள். இந்த முறை அவர் துணியைக் குறை சொல்லவில்லை. “வயசாகுதில்ல, சதை போடுது,” என்றார்.

“ஒரு பக்கம் மட்டுமாங்க சதை போடும்?”

கேட்டாளே! வாய் திறந்து கேட்டாளே! அவர் தலையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: “மனுஷ உடம்புல எவளுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு? கால் இஞ்ச் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். எத்தனை பேருக்குத் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?” பொய்யும் இல்லை. உலகத்தில் வேறு எந்தப் புருஷனும் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டான். விஷயம் தெரியாதவன் பயந்திருப்பான். இவர் விஷயம் தெரிந்தவர் ஆயிற்றே!

மூன்றாவது தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. இடது பக்கத்தில் தானே சாக்பீஸால் கோடு போட்டு, ரவிக்கையை மிஷின்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இவர் கோட்டின்மேல் தைத்தார். அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் வரவே மாட்டேன் என்கிறது. கோடு மட்டும் வருகிறது. கை நடுங்காமல் நேராக இழுத்திருந்தாள்.

அதற்கப்புறம் மகள் லீவுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போனவள், மார்பில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்திருப்பதைப் பார்த்து அலறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் கேட்டார், எவ்வளவு நாளா இருக்கு என்று. “இப்பத்தான் டாக்டர்,” என்றாள் இவர் மனைவி. பக்கத்து நாற்காலியில் இவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆப்பரேஷனோட போயிருக்கும்மா,” என்றார். இவர் வாயைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, அதற்குப் பிறகு இடது மார்பை எடுத்துவிட்டு ஊசி மருந்துக்கு அலைந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளும் திறக்கவில்லை. அவளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறார்.

பெடலில் காலை வைத்தார். மிஷின் கடகடவென்று ஓடியது. வாசலில் பேச்சு சட்டென்று நின்றது.

மகள் உள்ளிருந்து வந்தாள். பல் டாக்டரிடம் உதவிக்கு நிற்கிறவள், எதையும் நிதானமாகச் செய்கிறவள். “அப்பா, சாவு வீட்டுல மிஷின் ஓடுதுன்னு வெளிய முணுமுணுக்கிறாங்க.”

“முணுமுணுக்கட்டும். உங்கம்மாவுக்குத்தான் தைக்கிறேன்.”

அவள் போகவில்லை. மேஜைமேல் சாய்ந்து நின்று பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பேக்கரி அக்கா வந்து அப்படி அழறாங்கப்பா. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதே அம்மாதானே.”

“உங்கம்மாவா? எதுக்கு?”

“அளவெடுக்கிறப்ப ஏதோ கட்டி மாதிரி தட்டுப்பட்டுச்சாம். போய்க் காட்டிட்டு வா, அப்பத்தான் துணிய வெட்டச் சொல்வேன்னு அடம் பிடிச்சாங்களாம். போய்ப் பாத்தா வெறும் கொழுப்புக் கட்டி. அந்த மாதிரி நாலஞ்சு பேர அனுப்பியிருக்காங்க. மாசம் ஒரு தடவ கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துக்கோங்கடின்னு திரைக்குள்ள பாடமே எடுப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு யாரும் சொல்லலையே.”

“உங்ககிட்ட எப்படிப்பா சொல்றது? நீங்கதான் இந்த மாதிரி பேச்சு வந்தாலே நோட்டுக்குள்ள தலைய விட்டுக்குவீங்களே.”

இத்தனை பேரை அனுப்பினவள் தான் மட்டும் ஏன் போகவில்லை? பயந்தாளா? டேப் வைத்துப் பார்க்க அவளுக்கு என்று யாரும் இல்லாமல் போனதாலா? ஒரு வேளை டேப்புக்குப் பதிலாகத்தான் ரவிக்கையைக் கொண்டுவந்தாளோ? அவருக்கு மட்டும் புரிகிற பாஷையில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாளோ? கேட்க முடியாது. பதில் சொல்லவேண்டியவள் அடுத்த அறையில் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

அவர் தைத்து முடித்து நூலைக் கத்தரித்தார். கொடுப்பதற்கு முன்னால் துணியை உள்பக்கம் விரித்து மகளிடம் காட்டினார். ஏன் காட்டினார் என்று அவருக்கே தெரியாது. அவள் குனிந்து பார்த்தாள். நகத்தால் அந்தத் துளை வரிசைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“மூணு தடவையா?”

“மூணு தடவ.”

“என்னன்னு கேக்கலையாப்பா?”

“கேக்கல.”

மகள் ரவிக்கையை மடித்தாள். ஒரு தடவை மடித்தது போதாதென்று மறுபடியும் மடித்தாள். “டாக்டர் என்னையும் சித்தியையும் வந்து காட்டச் சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் போறோம்,” என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

அவர் வாசலுக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வருகிறவர்கள் கையைப் பிடித்தார்கள், விட்டார்கள். மூன்று மணிக்கு வண்டி வரும் என்று யாரோ எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கணக்கு டீச்சர் தெருமுனையில் திரும்பி வந்தாள்.

பன்னிரண்டு வருஷ வாடிக்கை அவள். தனிக்கட்டை. கழுத்து கால் இஞ்ச் இறங்கியிருந்தால்கூட ஸ்கேலை வைத்துக் காட்டிச் சண்டை போடுகிற ஆள். “டீச்சர் வர்றாங்க, ஓடி ஒளிஞ்சுக்கோங்க,” என்று மனைவி கேலி செய்வாள். இன்று சாம்பல் நிறப் புடவையில், தலையைக் குனிந்தபடி நேராக உள்ளே போனாள்.

டெய்லர் அவளைப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தார். பழக்கம் அப்படி. போன மாதம் அவர் கை வைத்த ரவிக்கை. வலது பக்கம் ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நன்றாக விட்டிருக்கிறோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வந்தது. பெருமைதான் முதலில் வந்தது. அதை அவர் சாகிறவரைக்கும் மறக்கப்போவதில்லை.

அடுத்த நொடி அவருக்குக் குப்பென்று வேர்த்தது.

“அண்ணே, வலது பக்கம் கொஞ்சம் பிடிக்குது. அரை இஞ்ச் விட்டுக் குடுங்க.” போன மாதம் சொன்னாள். அதற்கு முன்னால் பள்ளிக்கூட லீவில் ஒரு தடவை, கால் இஞ்ச். அளவு சொல்லத் திரைக்குப் பின்னால் ஆளில்லாததால் ரவிக்கையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இவர் பிரித்து விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, இந்தப் பக்கம் இவர் பத்தே நிமிஷத்தில் பிரித்து, தைத்து, இஸ்திரி போட்டு வைத்தார். இவ்வளவு பட்ட பிறகும்! கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது, தலை எங்கேயோ இருந்தது.

எழுந்து கடைக்குள் போனார். நோட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்தில் இரண்டு தேதியும் இருந்தன. பின்னால் திரை அசைந்தது. காற்றாகத்தான் இருக்கும், ஜன்னல் திறந்திருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் அவள் நிற்பது அவருக்குத் தெரிந்தது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, திருப்பிச் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சொல்லவேண்டும். யாரிடம் சொல்லிச் சொல்ல வைப்பது? மகளும் கொழுந்தியாளும் உள்ளே அவளுக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தானே சொன்னால்? பெண்டாட்டி பிணம் வீட்டில் கிடக்கும்போது ஒரு பெண்ணைக் கூப்பிட்டு மார்பைப் பற்றிப் பேசினான் டெய்லர் என்று நாளைக்குத் தெருவே காறித் துப்பும். இத்தனை வருஷமும் குனிந்த தலையோடு இருந்ததெல்லாம் வேஷம் என்பார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றினாலும் கழற்றுவாள். அப்புறம் எந்தப் பெண் இந்தப் படியேறுவாள்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே, காரியமெல்லாம் முடியட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசுதான் மூன்று தடவை நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நிமிர்ந்தபோது டீச்சர் வெளியே போய்க்கொண்டிருந்தாள். கேட்டைத் தாண்டிவிட்டாள்.

டெய்லர் ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “டீச்சர்! டீச்சர், ஒரு நிமிஷம்.”

“என்னண்ணே? நீங்க ஏன் வெளிய வந்தீங்க? எனக்குப் பரீட்சை டியூட்டி இருக்கு, போயிட்டு மூணு மணிக்குள்ள வந்துடுறேன்.”

அவருக்கு மூச்சு வாங்கியது. வெயிலில் ரோடு காலைச் சுட்டது. எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல், முதல் தடவையாக, வாடிக்கைக்காரி ஒருத்தியின் முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது.

“என் சம்சாரத்துக்கு மூணு தடவ பிரிச்சு விட்டேன் டீச்சர்.”

“எதை?”

“பக்கத் தையல. ஒரே பக்கம். ஏன் ஒரு பக்கம் மட்டும்னு ஒரு வார்த்த கேக்கல. துணி சுருங்கிடுச்சுன்னு அவளையே திட்டினேன்.” அவருக்குக் குரல் உடைந்தது. “உங்களுக்கு ரெண்டு தடவ விட்டிருக்கேன்.”

ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு இருவரையும் சுற்றிப் போனது. டீச்சர் நகரவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுமே இருக்காதாம், டாக்டரே சொல்லியிருக்காங்க. இருந்தாலும் சீக்கிரம் பாத்துட்டா பிழைச்சுக்கலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க போயிட்டு வராம இனிமே துணிய எடுத்துக்கிட்டு வந்தா நான் தொட மாட்டேன். நீங்க என்ன திட்டினாலும் சரி, வேற டெய்லர்கிட்ட போனாலும் சரி. போய்க் காட்டிட்டு வாங்க.”

“அப்பா,” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. மகள் கேட்டருகே வந்து நின்றாள். “அம்மாவுக்கு உடுத்திவிட்டாச்சு. வந்து பாருங்க.” சொல்லிவிட்டு, அப்பாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டீச்சர் அவளைக் கவனிக்கவில்லை. தனக்குத் தானே பேசுகிறவள்போல மெதுவாகச் சொன்னாள்: “அக்கா எந்திரிச்சு வந்துட்டா, திரைக்குள்ள போய் நின்னுடலாம்னு இருந்தேண்ணே. நானா சொல்ல வேண்டாம், அவங்க கையே கண்டுபிடிச்சுடும்னு.”

டீச்சர் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

“இன்னைக்குக் காலையில மேல ரெண்டு கொக்கி போட முடியல,” என்றாள்.

மகள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்பாவைத் தாண்டி டீச்சரிடம் போனாள். அவள் தோளில் தொங்கிய பையை, பரீட்சைப் பேப்பர் கட்டு துருத்திக்கொண்டிருந்த அந்தக் கனமான பையை, மெதுவாகக் கழற்றி வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.